காலைப் பேருந்தை நம்புங்கள்: பாங்காக்கிலிருந்து புனோம் பென் வரை சிற்றூர்கள் வழியே

கேள்வி: நானும் என் மனைவியும் ஜனவரியில் பாங்காக்கில் இறங்கி, 16 நாள் கழித்துப் புனோம் பென்னில் விமானம் ஏறுகிறோம். முதுகுப்பையோடு, சிற்றூர்கள் வழியாக, உள்ளூர்ப் பேருந்துகளில் போக ஆசை. எந்த வழி நல்லது? எல்லாவற்றையும் முன்பதிவு செய்ய வேண்டுமா? மனைவி முட்டைகூடச் சாப்பிடாதவர். (மதுரை வாசகர்)

பதில்: வரைபடத்தைப் பார்த்தால், பாங்காக்கிலிருந்து கிழக்கே போய்ப் பொய்பெட் வழியாகக் கம்போடியாவுக்குள் நுழைவதுதான் குறுக்குவழி என்று தோன்றும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே மோதல் மூண்டதையொட்டி, அவ்விரு நாடுகளுக்கும் நடுவிலுள்ள தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. அவை திறந்துவிடும் என்று எண்ணி விமானச்சீட்டு வாங்குவது விவேகமல்ல. தவிர, நீங்கள் தேடும் ஊர்களும் அந்த வழியில் இல்லை. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியிலிருந்து லாவோஸுக்குள் நுழைந்து, பாக்சேயில் மேக்கொங் ஆற்றைப் பிடித்து, சம்பாசக், நாலாயிரம் தீவுகள், ஸ்டங் திரெங், க்ராச்செ, கம்போங் சாம் என்று ஆற்றின் போக்கிலேயே தெற்கே இறங்குங்கள். 16 நாளுக்கு இது அளவான தூரம். ஒரே பயணத்தில் வியட்நாமையும் சேர்த்துவிடலாம் என்ற ஆசை மட்டும் வர வேண்டாம்.

முன்பதிவைப் பொறுத்தவரை, பாங்காக்கிலிருந்து உபோனுக்கு இரவு ரயிலில் படுக்கை இடத்தை மட்டும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். அதற்கு அப்பால், முதல் நாள் மாலையோ அன்று காலையோ பேருந்து நிலையத்துக்கே போய், அடுத்த ஊருக்கு மட்டும் சீட்டு வாங்குவது போதும். இந்த வட்டாரத்து ஊர்களில் போக்குவரத்து காலை நேரத்தை ஒட்டியே இயங்குகிறது. ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வண்டிகள் கிளம்பிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றால் நிலையத்தில் நாய்கள்தான் படுத்திருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு பயணம், அதுவும் காலையில், என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அறையை நேரில் பார்த்து, படுக்கையையும் குளியலறையையும் சோதித்த பிறகே வாடகை பேசலாம் என்பதால், விடுதிகளுக்கும் முன்பதிவு அவசியமில்லை.

தாய்லாந்தில் பேருந்து நிலையத்தை ‘போ கோ சோ’ என்பார்கள். ஆட்டோக்காரரிடம் அந்த மூன்று எழுத்தைச் சொன்னாலே போதும். லாவோஸில் நிலையங்கள் ஊருக்கு வெளியே இருக்கும். பாக்சேயின் தெற்கு நிலையம் எட்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. குறுகிய தூரங்களுக்குப் பேருந்தைவிட ‘சோங் தியோ’ அதிகம் கிடைக்கும். இரண்டு வரிசை என்பது அதன் பொருள். சரக்கு வண்டியின் பின்புறம் எதிரெதிராக இரண்டு பலகைகளைப் போட்டு மேலே கூரை வேய்ந்திருப்பார்கள். ஆள் நிறைந்த பிறகே அது கிளம்பும். மூட்டை, கோழி, சிமெண்டு எல்லாம் உடன் வரும். ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உபோனிலிருந்து பாக்சேக்கு எல்லை தாண்டும் நேரடிப் பேருந்து இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். தாய்லாந்துப் பக்கம் சோங் மெக், லாவோஸ் பக்கம் வாங் தாவ். லாவோஸ் விசாவை எல்லையிலேயே பெறலாம் என்றாலும், வண்டியில் விசா எடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவர் மட்டுமாகவே இருக்கக்கூடும். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவிட்டு, முன் இருக்கையில் அமர்ந்து, முதலில் இறங்கிப் போங்கள். கையில் புகைப்படமும் கசங்காத டாலர் தாள்களும் இருக்கட்டும். இணைய விசா எடுப்பதானால், உங்கள் எல்லைக் கடவையின் பெயர் அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பின்பே பணம் கட்டுங்கள். எல்லாக் கடவைகளிலும் அது செல்லாது. தாய்லாந்துக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய மின்னணு வருகை அட்டை 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்களில் சிக்காதீர்கள்.

சம்பாசக்கில் இரண்டு இரவு தங்குங்கள். ஊர் என்று சொல்ல ஆற்றோரமாக ஒரே தெரு. அங்கிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தொலைவில் வாட் பூ இருக்கிறது. 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தக் கோயில் ஆதியில் சிவன் கோயில். மலையுச்சியில் இயற்கையாகவே லிங்கம்போல் நிற்கும் பாறையைக் கண்டு அந்த மலையையே லிங்கபர்வதம் என்றார்கள். சுனை நீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழச் செய்தார்கள். இன்று கருவறையில் இருப்பவர் புத்தர். ஊருக்கருகே கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டின் எழுத்து, பல்லவர் எழுத்தோடு உறவுடையது. மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு இங்கே அரைநாள் போதாது.

சைவ உணவுக்கு மூன்று நாட்டிலும் வழி உண்டு. ஆனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது, ஏனென்றால் மீன் சாறு அங்கே இறைச்சிக் கணக்கில் வராது. தாய்லாந்தில் ‘ஜே’ என்று கேளுங்கள். முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட விலக்கிய உணவைக் குறிக்கும் சொல் அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் அதை எழுதிவைத்திருக்கும் கடைகள் சிறு ஊர்களிலும் தென்படும். லாவோஸில் ‘போ சாய் பா தெக்’ என்றால் ஊறவைத்த மீன் கலவை போடாதீர்கள் என்று பொருள். பப்பாளிக்காய்ச் சாலட்டில்கூட அது இருக்கும். கம்போடியாவில் துறவியர் உணவு என்ற பொருளில் ‘ம்ஹோப் புவா’ என்பார்கள். இந்தச் சொற்களை அந்தந்த எழுத்திலேயே கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது உச்சரிப்பை நம்புவதைவிட நல்லது. ஒட்டும் அரிசிச் சோறு, வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை ஆகிய மூன்றும் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் கைகொடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று கழிப்பறை. தாய்லாந்து நிலையங்களில் சில பாட் கொடுத்தால் சுத்தமான இடம் கிடைக்கும். லாவோஸில் வண்டியைப் புதர் ஓரம் நிறுத்திவிடுவார்கள். உங்கள் மனைவி ஒரு கைலியோ பெரிய துண்டோ பையின் மேலேயே வைத்துக்கொள்வது நல்லது. மறைவு தேடிப் புதருக்குள் வெகுதூரம் போகக் கூடாது. 1964 முதல் 1973 வரை அந்த நாட்டின் மேல் கொட்டிய குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

அடுத்த ஊருக்கு மட்டுமே சீட்டு வாங்குங்கள் என்றேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நாலாயிரம் தீவுகளிலிருந்து கம்போடியாவுக்குப் போகும் நோங் நோக் கியென் எல்லையில், மறுபக்கமான திரப்பியாங் கிரியெலில் உங்களுக்காக எந்த வண்டியும் காத்திருக்காது. அத்தீவுகளில் ஒன்றான தோன் தெட்டிலேயே ஸ்டங் திரெங் வரைக்கும் ஒரே சீட்டாக வாங்குங்கள். புனோம் பென், சியெம் ரீப் வரைக்கும் என்று ஆசைகாட்டும் நீண்ட சீட்டு வேண்டாம். அது வழியில் இரண்டு மூன்று முறை கைமாறி, நள்ளிரவில் இறக்கிவிடும். கடவுச்சீட்டில் குத்தும் முத்திரைக்கு ஓரிரண்டு டாலர் கூடுதலாகக் கேட்பது அந்த எல்லையில் பழக்கம். ரசீது கேட்டுப் பொறுமையாக நின்று பாருங்கள். வண்டி கிளம்பத் தயாரானால் கொடுத்துவிட்டுப் போவதே மேல் என்பது என் கருத்து. மிச்சமுள்ள லாவோஸ் நாணயமான கிப் தாள்களை லாவோஸிலேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கடினம். கம்போடியாவில் ஓரம் கிழிந்த டாலரை வாங்கமாட்டார்கள். இருவர் பணத்தையும் கடவுச்சீட்டுகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

ஸ்டங் திரெங்கில் ஓரிரவு போதும். க்ராச்செக்கு மூன்று நாள் கொடுங்கள். வடக்கே 15 கிலோமீட்டரில் கம்பி என்னும் இடத்தில் ஐராவதி ஓங்கில்களை (டால்பின்) படகிலிருந்து பார்க்கலாம். 2020 கணக்கெடுப்பில் அவை 89 மட்டுமே. க்ராச்செக்கு எதிரே உள்ள தீவைச் சைக்கிளில் ஒரு காலையில் சுற்றிவிடலாம். கம்போங் சாமில், மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் மூங்கில் பாலம் ஜனவரியில் இருக்கும். பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தால், 13 முதல் 16 வரை எங்கும் நகராதீர்கள். நம் சித்திரைப் புத்தாண்டின் வேளையில்தான் அம்மூன்று நாட்டுக்கும் புத்தாண்டு, பேருந்தில் இடமே கிடைக்காது. கம்போங் சாமிலிருந்து புனோம் பென்னுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் என்றாலும், விமானத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.