பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மீன் வேகவைக்கலாமா?

கேள்வி: மீனை அலுமினியத் தாளில் சுற்றி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வேகவைக்கலாம் என்கிறார்களே, அது பாதுகாப்பானதா?

பதில்: தவிர்ப்பதே நல்லது. மீனின் தடித்த பகுதி உட்புறத்தில் 63 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால், இவ்வியந்திரத்தின் வெப்பம் மாடலுக்கு மாடல் மாறுவதோடு, சிக்கனச் சுழற்சியில் நீர் 50 டிகிரி அளவிலேயே நின்றுவிடக்கூடும் என்பதால், வெளியே வெந்ததாகத் தோன்றும் துண்டின் உட்புறத்தில் கிருமிகளும் ஒட்டுண்ணிப் புழுக்களும் பிழைத்திருக்கலாம். தாளின் மடிப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் சோப்புக் கரைசல் உள்ளே புகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியின்றி நெடுநேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற பாதிப்பைத் தரும் நச்சுப்பொருள் உருவாகும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அடுப்பில்லாத அறையில் இருப்பவர்கள் மின்சார அரிசிக் குக்கரின் ஆவித்தட்டில் மீனை வைத்து, சதை முழுவதும் வெளுத்து முள்ளிலிருந்து எளிதில் பிரியும்வரை வேகவிடலாம்.