போக்காடும் குருத்தோலையும்: யூதப் பண்டிகைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. எபிரெயம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான்; அந்த வட்டத்துக்குள் நின்று பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'இது யூத வழக்கம்' என்று யாராவது சொன்னால், எந்த நூற்றாண்டு வழக்கம் என்று கேளுங்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது. யூத மத ஆசான்களான ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஏறத்தாழ 200இல் தொகுக்கப்பட்டது. நடுவில் 130 ஆண்டுகள்.

கேள்வி (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை): ஐயா, லேவியராகமம் 23இல் உள்ள ஏழு பண்டிகைகளும் கிறிஸ்துவில் எப்படி நிறைவேறின என்று ஓர் அட்டவணை தர முடியுமா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பதில்: அந்த அட்டவணை உங்கள் சபைச் சுவரிலேயே தொங்கும் அம்மா. பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையான நினைவு) சிலுவை, புளிப்பில்லாத அப்பம் கல்லறை, முதற்கதிர் உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே ஆவியின் வருகை; எக்காளம், பாவநிவாரண நாள், கூடாரம் மூன்றும் இரண்டாம் வருகைக்கு. இதில் புதிய ஏற்பாடே வாய் திறந்து சொல்வது எது, போதகர்கள் கட்டியது எது என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். 'நம்முடைய பஸ்கா' என்று பவுல் கிறிஸ்துவைச் சொல்கிறார் (1 கொரி. 5:7). 'முதற்பலன்' என்றும் சொல்கிறார் (15:20). பெந்தெகொஸ்தே அப்போஸ்தலர் 2இல் நேரடியாக இருக்கிறது. பாவநிவாரண நாளை எபிரெயர் நிருபம் விரிவாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது வருங்காலத்துக்கு அல்ல, சிலுவைக்கு! அட்டவணை இங்கேயே இடிக்கிறது பாருங்கள். லேவியராகமம் 16இல் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலி, மற்றது ஜனங்களின் பாவத்தைத் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டப்படும் போக்காடு.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவை அறுவடைத் திருநாள்கள். பஸ்காவை ஒட்டி வாற்கோதுமை, ஐம்பது நாள் கழித்துக் கோதுமை, கூடாரப் பண்டிகையில் திராட்சையும் ஒலிவமும். கதிர் அறுத்தவர்களின் பண்டிகை என்பது தெரியாமல் அட்டவணையை மட்டும் படித்தால் குறுக்கெழுத்துப் போட்டிதான் மிஞ்சும்.

கேள்வி: ஈஸ்டர் என்பது இஷ்தார் என்ற பாபிலோனிய தேவதையின் பண்டிகைதானே?

பதில்: இல்லை. ஒலி ஒற்றுமையைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை. 'ஈஸ்டர்' என்ற பெயரை ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ஈயோஸ்த்ரே என்ற தேவதையோடு 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி இணைத்தார். அதுவும் பெயருக்கு மட்டும். கிரேக்கம், இலத்தீன், சிரியாக் எல்லாவற்றிலும் பண்டிகையின் பெயர் 'பஸ்கா'தான். நம் கத்தோலிக்க மக்களும் 'பாஸ்கா' என்கிறார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பெரிய வியாழனன்று எங்கள் சபையில் 'இயேசு ஆசரித்தது போலவே' பஸ்கா விருந்து நடத்துகிறோம். மூன்று மாற்சா (புளிப்பில்லாத) அப்பம், நடு அப்பத்தை உடைத்து ஒளித்துவைத்தல், முட்டை, நான்கு கிண்ணம். நடு அப்பம் குமாரனைக் குறிக்கிறது அல்லவா?

பதில்: எந்த நூற்றாண்டு? நீங்கள் கையில் வைத்திருக்கும் 'செதேர்' என்ற விருந்துமுறை, ஆலயம் போய், ஆட்டுக்குட்டி பலியிட வழியில்லாமல் ஆன பின்பு உருவானது. பலி நின்றதால் மேசையில் ஓர் எலும்பு மட்டும் நினைவுக்கு வைக்கப்படுகிறது. நான்கு கிண்ணம் மிஷ்னாவில் இருக்கிறது. நடு அப்பத்தை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவது அதற்கும் வெகு பின்னால் வந்தது. இயேசுவும் சீடர்களும் உண்டிருந்தால் அது சுட்ட ஆடு, கசப்பான கீரை, அப்பம், திராட்சரசம். பிறகு அல்லேல் சங்கீதங்கள் 113 முதல் 118 வரை. 'ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு' என்று மாற்கு 14:26 சொல்வது அவற்றைத்தான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

விருந்து வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. யூதக் குடும்பம் அழைத்தால் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். அவர்களுடைய மேசையை எடுத்துவந்து, 'இதன் உண்மையான அர்த்தம் அவர்களுக்கே தெரியாது' என்று சொல்லாதீர்கள். அது மரியாதை இல்லை.

கேள்வி: ஈஸ்டர், இஷ்தார்... விளக்கம் தேவை.

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை, இறையியல் மாணவர்): ஐயா, 'உண்டிருந்தால்' என்று இழுத்தீர்களே. கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்து இல்லையா?

பதில்: தம்பி, சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் ஆட்டை அறுப்பார்கள். இருட்டியதும் 15 பிறந்துவிடும், அப்போது உண்பார்கள். மாற்கு 14:12இல் 'பஸ்காவைப் பலியிடும் நாளில்' சீடர்கள் ஆயத்தம் கேட்கிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் அப்படியே. ஆக விருந்து பஸ்கா, சிலுவை நிசான் 15. யோவானுக்கு வாருங்கள். 18:28இல் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள், தீட்டுப்பட்டால் பஸ்காவைப் புசிக்க முடியாது என்று தேசாதிபதியின் அரண்மனைக்குள் போகவில்லை. அப்படியென்றால் விருந்து இன்னும் நடக்கவில்லை. 19:14 அந்த நாளைப் 'பஸ்காவுக்கு ஆயத்தநாள்' என்கிறது. ஆக சிலுவை நிசான் 14. ஒரு முழு நாள் வித்தியாசம்.

பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள்: 'ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்பட்ட அதே மணியில், பிற்பகல் 3 மணிக்கு, இயேசு ஜீவனை விட்டார்.' மணியும் பொருந்துகிறது. ஒன்பதாம் மணி (நம் கணக்கில் பிற்பகல் 3) முதல் பதினோராம் மணி வரை அறுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஆனால் ஒன்பதாம் மணி என்பது மாற்கு தரும் மணி. மாற்கின் கணக்கில் ஆடுகள் முந்தின நாளே அறுக்கப்பட்டுவிட்டன. நாளைத் தருகிற யோவானோ மரித்த மணியைச் சொல்லவில்லை. ஒருவரிடம் நாளை வாங்கி, மற்றவரிடம் மணியை வாங்கிச் செய்த பிரசங்கம் அது.

யோவான் எங்கே போகிறார் என்பது தெளிவு. ஈசோப்புத் தண்டு (19:29), எலும்பு முறிக்கப்படாதது (19:36), இரண்டும் யாத்திராகமம் 12இலிருந்து வருகின்றன. அவருக்கு இயேசு பஸ்காவை உண்பவர் அல்ல, பஸ்காவே அவர்தான்.

கேள்வி (ஒரு போதகர்): வேதத்தில் முரண்பாடு இருப்பதாகப் பொதுவில் எழுதுவது விசுவாசிகளை இடறச் செய்யும். யோவான் 18:28இல் 'பஸ்கா' என்பது பண்டிகை வாரத்தின் மற்றப் பலிகளைக் குறிக்கும். 'ஆயத்தநாள்' என்றால் வெள்ளிக்கிழமை.

பதில்: போதகர் ஐயா, அந்த விளக்கம் பழையது, மரியாதைக்குரியது. 'ஆயத்தநாள்' வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் சொல் என்பதும் உண்மை. ஆனால் 'பஸ்காவைப் புசிப்பது' என்ற சொற்றொடரை மாற்கு 14:12இல் நேர்ப்பொருளிலும் யோவானில் வேறு பொருளிலும் எடுக்க, முடிவை முன்னமே தீர்மானித்திருக்க வேண்டும். நான் இடறச் செய்யவில்லை. இரண்டு நற்செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கேள்வி (அதே மாணவர்): எஸ்ஸேனியரின் நாட்காட்டிப்படி இயேசு செவ்வாய் இரவே பஸ்கா உண்டார் என்று படித்தேன்.

பதில்: ஆனி ஜொபேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957இல் முன்வைத்த கருத்து. எஸ்ஸேனியர் என்ற யூதப் பிரிவினருடையவை என்று பலர் கருதும் கும்ரான் சுருள்களில் காணும் 364 நாள் நாட்காட்டியில் 52 வாரம் மிச்சமின்றிப் போவதால் பஸ்கா ஒவ்வோர் ஆண்டும் ஒரே கிழமையில், புதன்கிழமையில், அதாவது செவ்வாய் மாலை தொடங்கி வரும். கணக்கு அழகு. ஆனால் ஆலயத்துக்குத் தவறாமல் போன கலிலேயர் ஒருவர், ஆலயத்தைப் புறக்கணித்தவர்களின் நாட்காட்டியை ஏன் பின்பற்ற வேண்டும்? எனக்கு ஒட்டவில்லை.

கேள்வி (அதே போதகர்): இந்த ஒரு நாள் வித்தியாசத்தால் யாருக்கு என்ன பயன்?

பதில்: பயன் இல்லாமலா சபைகள் இதைச் சொல்லிச் சண்டை போட்டன! யோவானின் நாள்படி அது புளிப்பு நீக்கும் முந்தைய இரவு, சாதாரண அப்பம் உண்டிருக்கலாம். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் நற்கருணைக்குப் புளித்த அப்பமே வைக்கின்றன. மாற்கின் நாள்படி புளிப்பில்லாத அப்பம்; கத்தோலிக்கரின் மெல்லிய வெள்ளை அப்பம் அந்த வழி. 1054இல் ரோமும் கான்ஸ்தாந்திநோபிளும் பிரிந்தபோது இதுவும் வாய்த்தகராறுகளில் ஒன்று. இத்தோடு இதை முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பஸ்காவும் ஈஸ்டரும் ஏன் சேர்ந்து வருவதில்லை?

பதில்: சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) சபைகள் யூதரோடு சேர்ந்து நிசான் 14இலேயே ஆசரித்தன. ரோம் ஞாயிறு வேண்டும் என்றது. 325இல் நிக்கேயா சங்கம் யூதக் கணக்கைச் சாராமல் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் ஆசரிக்க முடிவுசெய்தது. யூத நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை அதிக மாதம் வரும், அப்போது பஸ்கா பின்தள்ளிப்போகும். 2024 அப்படிப்பட்ட ஆண்டு: ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 22 மாலை.

கேள்வி: எக்காளப் பண்டிகையன்று சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்கிறார்களே? 'அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான்' என்பது அந்தப் பண்டிகைக்கான யூத மரபுத்தொடராமே?

பதில்: எந்த நூற்றாண்டு? பிறை கண்ட சாட்சிகள் வந்து சொன்ன பின்பே மாதம் அறிவிக்கப்பட்டது என்பது மிஷ்னாவில் உண்டு. அந்த மரபுத்தொடர் அதில் இல்லை. ஒருவனும் அறியான் என்ற வசனத்தை வைத்தே தேதி குறிக்கிறார்கள் என்றால் நான் என்ன சொல்ல?

கேள்வி: இரத்த நிலாக்கள் பற்றி...

பதில்: கிரகணம் என் துறை அல்ல. வானியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): குருத்தோலை ஞாயிறு பஸ்காவுக்கு முன் வருகிறது. ஓலைக்கும் பஸ்காவுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஓலை கூடாரப் பண்டிகைக்கு உரியது. அந்த ஏழு நாளும் யூதர்கள் கையில் எடுப்பவை நான்கு: நாரத்தை இனப் பழம் ஒன்று, மிர்த்துக் கிளை, அலரி வகைக் கிளை, பிறகு 'லூலாவ்'. லூலாவ் என்பது பேரீச்சையின் விரியாத இலை. மடிப்புகள் ஒட்டியபடி, ஈட்டி போல நிமிர்ந்து நிற்க வேண்டும். விரிந்து கலைந்தால் வாங்குகிறவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதற்குத் தமிழில் ஒரே சொல்தான் உண்டு: குருத்து. மற்ற மொழிக்காரர்கள் 'கிளை' என்று பொதுவாகச் சொல்லும்போது, யோவான் 12:13ஐப் பெயர்த்தவர்கள் 'குருத்தோலை' என்று எழுதினார்கள். தென்னை ஏறி, பனை ஏறி வாழ்ந்த மண்ணின் சொல்.

இயேசுவை ஓலையோடு வரவேற்ற கூட்டம் முழங்கிய 'ஓசன்னா' சங்கீதம் 118:25. கூடாரப் பண்டிகையில் அந்த வரியின்போது லூலாவை அசைப்பார்கள். அத்தோடு ஓலைக்கு விடுதலை என்ற பொருளும் ஏறியிருந்தது. கிரேக்க ஆட்சியை எதிர்த்து எழுந்த மக்கபேயர் காலத்தில் அவர்களுள் ஒருவரான சீமோன் எருசலேம் கோட்டையை மீட்டு உள்ளே போனது ஓலைகளோடுதான். பிற்காலத்தில் ரோமுக்கு எதிராக 132இல் எழுந்த பார் கோக்பாவும் வெள்ளிக் காசில் லூலாவைப் பொறித்தார். ஆக அந்தக் கூட்டம் கேட்டது ராஜாவை. இயேசு வந்தது கழுதையில்.

அதே பண்டிகையில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் நீர் மொண்டு பலிபீடத்தில் ஊற்றுவார்கள். இரவில் ஆலய முற்றத்தில் உயரமான விளக்குகள் எரியும். ஆசாரியரின் கிழிந்த உள்ளாடைகளையும் இடைக்கச்சைகளையும் திரியாகத் திரித்தார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. (எந்த நூற்றாண்டு என்று என்னையே கேட்பீர்கள். ஆலய நினைவு என்பதால் ஏற்கிறேன்.) இப்போது யோவான் 7:37ஐயும் 8:12ஐயும் படியுங்கள். 'தாகமாயிருந்தால் என்னிடத்தில் வா', 'நான் உலகத்திற்கு ஒளி'. எந்த நீர், எந்த விளக்கு என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: அனுக்கா யூதர்களின் கிறிஸ்துமஸா?

பதில்: இல்லை. கி.மு. 164இல் தீட்டான ஆலயத்தை யூதா மக்கபே மீட்டுப் பிரதிஷ்டை செய்ததன் நினைவு. யோவான் 10:22இல் இயேசு அன்று ஆலயத்தில் உலாவுகிறார். ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை ரபிகளின் பிற்காலத் தொகுப்பான தல்மூத்தில்தான் உண்டு, மக்கபேயர் நூல்களில் இல்லை. அந்த நூல்களும் யூதரின் வேதத்தில் இல்லை, கத்தோலிக்கரின் வேதத்தில் உண்டு!

கேள்வி: இஷ்தார்?

பதில்: மூன்றாவது முறை.

கேள்வி: கிறிஸ்தவர்கள் இந்தப் பண்டிகைகளை ஆசரிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை, கொலோசெயர் 2:16ஐப் படியுங்கள். பவுல் தாமே பெந்தெகொஸ்தேக்கு எருசலேம் போய்ச்சேர அவசரப்பட்டார் (அப். 20:16). 386இல் அந்தியோகியாவில் கிறிஸ்தவர்கள் யூதரின் எக்காளப் பண்டிகைக்குக் கூட்டமாகப் போனார்கள். அவ்வூர்ப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் பிரசங்க பீடத்திலிருந்து யூதரை வசைபாடித் தீர்த்தார். அந்த வசை பின்னாளில் பலருக்கு ஆயுதமானது.

அதனால் ஒன்று சேர்க்கிறேன். யூதர் பஸ்காவுக்குக் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொய் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் உலவியது. அந்தப் பயத்தில், பஸ்கா மேசைக்குச் சிவப்புத் திராட்சரசம் சிறந்தது என்ற சட்டம் இருந்தும், போலந்தின் 17ஆம் நூற்றாண்டு ரபி தாவீது ஹலேவி சிவப்பைத் தவிர்க்கச் சொன்னார். 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர் படுகொலை தொடங்கிய நாள் ஈஸ்டர் ஞாயிறு.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): மாற்சாவுக்குப் பதில் சப்பாத்தி வைக்கலாமா ஐயா? அதிலும் புளிப்பு இல்லையே.

பதில்: நல்ல கேள்வி அம்மா. மாவும் நீரும் மட்டும்தான், சரி. ஆனால் மாவில் நீர் பட்டதிலிருந்து சுட்டு எடுக்கும் வரை 18 நிமிடம் தாண்டக் கூடாது, மாவைச் சும்மா கிடக்கவிடவும் கூடாது என்பது ரபிகளின் கணக்கு. நீங்கள் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் ஊறவைப்பீர்கள் அல்லவா? அங்கேயே அது புளித்த மாவாகிவிட்டது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று வீட்டில் செய்யும் பெசகா அப்பம் அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் அவிப்பது. அதைச் செய்து பாருங்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பானத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.