ரயில் கிராசிங் எஃகு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கே: ஸ்டேஷனை நெருங்கும்போது ‘தடக் தடக்’கென்று அடிக்கிறதே, ஏன் சார்?

ப: தடம் பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும். அந்த இடத்துத் துண்டைத்தான் கிராசிங் என்கிறோம். சக்கரத்தின் விளிம்பு குறுக்கே போக அங்கே ஓர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். சக்கரம் அதைத் தாண்டி, கிராசிங்கின் மூக்கில், அதாவது அதன் கூர்முனையில், ஏறி உட்காரும் சத்தம்தான் அது. எத்தனை வண்டி வந்தாலும் அடி விழுவது அதே சாண் அளவு இடத்தில்.

கே: அதனால்தான் அங்கே மிகக் கடினமான மாங்கனீஸ் எஃகு போடுகிறார்களா?

ப: புதிதாக வரும்போது அது கடினமே இல்லை. கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுமார் 200. பக்கத்துத் தண்டவாளமே 260 இருக்கும். அடிபட அடிபட மேல்தோல் மட்டும் இறுகி 500 வரை போகும், உள்ளே வளைந்துகொடுக்கும் குணம் அப்படியே இருக்கும். 1882இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்தது. மாங்கனீஸ் 12, 13 சதவீதம், கார்பன் 1.2 போல.

கே: இறுகுவதற்குள் நசுங்கிவிடாதா?

ப: கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும். ஓரத்தில் உதடு மாதிரி உலோகம் பிதுங்கும். அதைக் கிரைண்டரால் வழித்துவிட வேண்டும். சோம்பேறித்தனமாக விட்டால் செதில் செதிலாகப் பெயரும். இதைத் தவிர்க்க, வெடிமருந்துத் தகட்டை மேலே ஒட்டி வெடிக்கவைத்து, தடத்தில் போடும் முன்பே இறுக்கிவிடுவதும் உண்டு. கேட்கப் பைத்தியக்காரத்தனம், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

கே: தேய்ந்த மூக்கை வெல்டிங் செய்யும் முன் எவ்வளவு சூடாக்கலாம்?

ப: சூடாக்கவே கூடாது! தண்டவாளத்தில் பழகிய கை இங்கேதான் தப்புப் பண்ணும். இந்த எஃகை 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் முக்கித்தான் கார்பனை உள்ளே கரைந்தபடி நிறுத்துகிறார்கள். மறுபடி 300 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இருந்தால் கார்பன் உலோகத்தோடு சேர்ந்து கார்பைடாகப் பிரிந்து பொரபொரவென்று ஆகிவிடும். சின்னச் சின்ன வரியாகப் போடுங்கள், நடுவில் ஆறவிடுங்கள். தண்டவாளத்தோடு நேரடியாகப் பற்றவைப்பதும் இதனால்தான் ஆகாது. இடையில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டு வைத்து இணைக்கிறார்கள்.

கே: ஒலி அலையை விட்டு உள்விரிசலைத் தேடும் அல்ட்ராசோனிக் சோதனை இதற்கு ஆகுமா?

ப: ஆகாது. உள்ளே உலோகப் படிக மணிகள் பெரிது, ஒலி சிதறிப்போகும். கண்ணும் விரிசல் காட்டும் சாயமும்தான் துணை.

கே: ஐடிஐ மாணவன் அண்ணா. பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

ப: ஒரு காந்தத் துண்டு போதும் தம்பி. தண்டவாளத்தில் ‘டக்’கென்று ஒட்டும். மாங்கனீஸ் வார்ப்பில் வைத்தால் வழுக்கி விழுந்துவிடும். மேல்தோலில் லேசாக இழுத்தால் ஏமாறாதே. வார்ப்புச் சூட்டில் அங்கே கார்பன் குறைந்திருக்கும், கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பார்.