தம்பி எடுக்கும் 'எம்.டி.' பற்றி

மும்பையிலிருக்கும் உங்கள் தம்பி மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சாப்பிடுகிறார், நேற்றிரவு 'எம்.டி.' எடுத்தார், இப்போது கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்கிறீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மும்பையில் எம்.டி. என்றால் பெரும்பாலும் மெஃபெட்ரோன் என்ற போதைப்பொருள். பொட்டலத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது. மெஃபெட்ரோன் மூளையில் டோபமைன், செரோடோனின், நார்அட்ரினலின் என்ற மூன்று வேதிப்பொருள்களையும் வெளியே கொட்ட வைக்கிறது. இதயம் படபடக்கும், ரத்த அழுத்தமும் உடல் சூடும் ஏறும். செர்ட்ராலினும் செரோடோனினைக் கூட்டுவதுதான். இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் நச்சுநிலை வரலாம்: நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம், கடும் காய்ச்சல். இந்தக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கேட்காது. உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

அப்புறம், போதை ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கத் தோன்றுகிறது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, தயவுசெய்து திட்டாதீர்கள்.

டாக்டரிடம் செர்ட்ராலின், எம்.டி. இரண்டின் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். செர்ட்ராலின் அடுத்த வேளையைப் போடலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். உடம்பு தேறிய பிறகு, பழக்கத்தை விட உதவி கேட்க 14446 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.