தாயைவிடப் பாரமான மகள்

வணக்கம் ஐயா,
திணிவு நிறமாலைமானி பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 'முன்னோடி அயன்', 'விளைவு அயன்' என்று எழுதுகிறீர்கள். தாய் அயன், மகள் அயன் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்குமே? புரோத்தன் ஏறியதையும் மூலக்கூற்று அயன் என்றே சொன்னால் என்ன?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள ரீச்சருக்கு,

உடனே விளங்கும், ஆனால் பிழையாக விளங்கிவிடும். அயன்களின் திணிவை அளக்கும் இந்தக் கருவிக்குள் மாறுகிற அயனை முன்னோடி என்றும், அது மாறி வருவதை விளைவு என்றும் சொல்கிறேன். மகள் தாயின் ஒரு துண்டு, ஆகவே தாயைவிடச் சின்னவள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். கருவிக்குள் உடைவு மட்டும் நடந்தால் சரிதான். அங்கே தாக்கமும் நடக்கிறதே!

பினைல் அயனைப் பாருங்கள். பென்சீன் ஓர் ஐதரசனையும் ஓர் இலத்திரனையும் இழந்தால் வருவது, திணிவு 77. அயன் பொறியில் அடைபட்டுக் கிடக்கும்போது, எவ்வளவு காற்றை உறிஞ்சி எடுத்தாலும் மிஞ்சிக் கிடக்கும் நீராவியில் ஒரு மூலக்கூறை அது பிடித்துக்கொள்ளும். 77 உடன் 18. கருவி வரையும் வரைபில் உச்சி 95 இல் வந்து நிற்கும். இந்த 95 விளைவு அயன்தான், ஆனால் துண்டு அயன் இல்லை. தாயைவிடப் பாரமான மகளை எப்படிப் படிப்பிப்பீர்கள்? ஆங்கிலத்திலும் இந்த உறவுமுறைப் பெயர்கள் வேண்டாம் என்று சர்வதேச இரசாயன ஒன்றியத்தின் 2013 பரிந்துரைகள் சொல்கின்றன.

அடுத்தது மூலக்கூற்று அயன். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கோப்பியில் இருக்கும் கஃபீனின் திணிவு 194. இலத்திரன் கற்றையால் அடித்தால் ஓர் இலத்திரனை இழந்து 194 இலேயே நிற்கும். அதுதான் மூலக்கூற்று அயன். கரைசலை மின்னழுத்தத்தில் தெளிக்கும் மின்தெளிப்பு முறையில் புரோத்தன் ஒன்று ஏறி 195 ஆகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், 195 ஐப் பார்த்த பிள்ளை கஃபீனின் திணிவே 195 என்று எழுதிவைக்கும். அதனால்தான் 'புரோத்தனேறிய மூலக்கூறு' என்கிறேன். நீளம்தான், என்ன செய்வது. பழைய ஆட்கள் 'போலி மூலக்கூற்று அயன்' என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருந்தார்கள். எது ஏறியது என்று அது சொல்லாது. அதையும் கைவிட்டாயிற்று.

ஏறுவது எப்போதும் புரோத்தனாகவும் இராது. பூநகரியில் எங்கள் வீட்டுக் கிணறு உவர்க் கிணறு. படிக்கிற காலத்தில் அந்தத் தண்ணியில் கழுவிய போத்தலில் கோப்பி மாதிரி கொண்டுபோனேன். 195 க்குப் பக்கத்தில் 217 இலும் ஓர் உச்சி. புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் நித்திரை இல்லை. கடைசியில் பார்த்தால் 194 உடன் 23, சோடியம் ஒட்டிய அதே கஃபீன்! இதைச் 'சேர்ப்பு அயன்' என்கிறேன்.

தமிழ்ப் பெயர்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்களிடம் நல்லது இருந்தால் மாற்றத் தயார். அதற்கு முதல் 77, 95 இரண்டையும் பலகையில் எழுதி, எது தாய் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.