சென்னையில் இருப்பவர் சுவாசிக்கும் நுண்துகள் மாசு வருடம் போகப்போகக் கூடுகிறதா, குறைகிறதா?

கேள்வி கேட்டவர் வருடக்கணக்கில் கேட்கிறார், கூடவே நடை எப்போது போகலாம் என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது மணிக்கணக்கில்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரம்பூரில் பிறந்து அதே வீட்டில் ஐம்பதைத் தாண்டியவன் நான். 2018 கடைசியில் பையனுக்கு வீசிங் வந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "எந்த நேரத்தில் இழுக்கிறது?" எப்போதும்தான் என்றோம். அவர் விடவில்லை. ஒரு வாரம் நேரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல்.

வீடு பஸ் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. குற்றவாளி சாலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அதை நிரூபிக்கத்தான் ஆன்லைனில் ஒரு சின்ன பி.எம். 2.5 மீட்டர் வாங்கினேன். பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலோ தொண்டையிலோ சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகக்கூடியவை.

மீட்டரைப் பையனின் கட்டிலருகே வைத்தேன். பத்து மணி வரை சாதுவாக இருந்தது. சன்னலைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருளை ஏற்றிய கால் மணி நேரத்தில் எண் மூன்று இலக்கத்துக்கு ஏறியது. விடியும்வரை இறங்கவில்லை. கொசுவர்த்தியைப் பற்றி 2003-ல் வந்த ஓர் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்கிறது. டெங்குவுக்குப் பயந்து அவன் பிறந்ததிலிருந்து தலைமாட்டில் ஏற்றிவந்தோம். மறுநாள் வலை வாங்கிக் கட்டினோம்.

கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஊரின் காற்றில் எவ்வளவு தூசு என்பது ஒரு கணக்கு. நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்பது வேறு கணக்கு. ஆலந்தூர் பஸ் டிப்போவிலும், மணலியிலும், வேளச்சேரியிலும் இருக்கிற அரசுக் கண்காணிப்பு நிலையங்கள் முதல் கணக்கைத்தான் சொல்லும். இரண்டாவது கணக்கு நீங்கள் எந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள், எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சில மாதம் அலைந்தேன். அலுவலகத்தில் கிண்டல்தான். அதில் பெரிய அதிர்ச்சி என் காலை நடைதான். ஐந்தரை மணிக்குக் கிளம்புவேன், சுத்தமான காற்று என்று. டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக் காற்று மதியத்தைவிட மோசமாக இருந்தது! காரணம் சிக்கலானதல்ல. இரவில் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே கிடக்கிறது. மேலே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல நிற்கிறது. ராத்திரி லாரிப் புகையும், எரித்த குப்பையின் புகையும், டீக்கடை அடுப்புப் புகையும் அந்த மூடிக்குக் கீழே சுற்றுகின்றன. அதோடு ஏழு, எட்டு மணி டிராஃபிக்கும் சேருகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று மேலெழும்பிக் கலையும். பத்து மணிக்குமேல் எண் இறங்க ஆரம்பிக்கும். மதியம் கடல்காற்று வந்துவிட்டால் பெரம்பூரில்கூட நிம்மதி. சாயங்காலம் மறுபடி ஏறும்.

மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்கி வரும், அதைச் சுவாசித்தால் உடம்புக்கு நல்லது என்று வருடாவருடம் வாட்ஸ்அப்பில் வருமே, அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். தரைமட்ட ஓசோன் வாகனப் புகையில் வெயில் பட்டு உண்டாவது. அது உச்சத்தில் இருப்பது பிற்பகலில். நுரையீரலுக்கு அது எரிச்சல் தரும் வாயு, மருந்து அல்ல. கோலம் போடுவதும் பஜனை போவதும் அழகான விஷயங்கள், அவற்றுக்கு ஓசோன் சான்றிதழ் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. இந்த மலிவு மீட்டர்கள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுபவை. பனியும் ஈரமும் இருந்தால் ஈரத்தில் ஊதிப்போன துகளைப் பெரிதாகக் காட்டும், பனித்துளியையே தூசு என்று எண்ணிவிடும். மார்கழிக் காலையில் அது கொஞ்சம் மிகைப்படுத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அரசு நிலையங்களின் மணிவாரி வரைபடத்தில் பார்த்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம் பெரும்பாலும் இதுதான்.

செயலியில் காட்டுகிற ஏ.க்யூ.ஐ, அதாவது காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. நம் நாட்டு முறையில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியைத்தான் எடுப்பார்கள். காலை இரண்டு மணி நேரம் தொண்டை கமறினாலும் மதியக் கடல்காற்று அந்தச் சராசரியைக் காப்பாற்றிவிடும். அளவுகோலும் நாட்டுக்கு நாடு வேறு. காற்றில் பி.எம். 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்திய ஏ.க்யூ.ஐ 100, அதாவது "திருப்திகரம்" என்பதன் விளிம்பு. அதே காற்றுக்கு அமெரிக்க முறையில் எண் 150-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் வருடாந்தர வரம்பை 10-லிருந்து 5-ஆகக் குறைத்தது. நம் வரம்பு 2009 முதல் 40. ஒரே பரீட்சைத்தாளை இரண்டு வாத்தியார்கள் திருத்துவதுபோல.

இனி காலண்டர். சென்னையில் தீபாவளி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வரும். மழை பெய்துவிட்டால் பிழைத்தோம், காற்று நின்றுபோய் மழையும் இல்லாவிட்டால் அன்று இரவு மீட்டர் திணறும். 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6–7, இரவு 7–8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த அட்டவணையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று. புனேயில் பட்டாசுகளை வகைவகையாகக் கொளுத்தி அளந்தார்கள். அதிகத் துகளைக் கக்கியது சத்தமே போடாத பாம்பு மாத்திரை. குழந்தைகளுக்கு ஆபத்தில்லாதது என்று அதைத்தானே கையில் கொடுப்போம், அவர்களும் குனிந்து முகத்தை அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாம்பு நீளுவதைப் பார்ப்பார்கள்.

தீபாவளியை விடப் போகி மோசம் என்பது என் கணிப்பு. தீபாவளிப் புகை இரவில் கிளம்புகிறது. போகி மூட்டம் போடுவதோ விடியற்காலையில், அந்தப் பானை மூடி மிகத் தாழ்வாக இருக்கும் நேரத்தில். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்ததன் விளைவு. பண்டிகை இல்லாத நாளிலும் இப்படி நடக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்தபோது, அந்தப் பக்கத்து மக்கள் சில நாட்களில் இழுத்ததை எந்த வருடச் சராசரி காட்டும்?

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வருடங்களாகப் பார்த்தால் என்ன?

என் சின்ன வயதில் வீட்டில் விறகடுப்பும் கரியடுப்பும் இருந்தன. அப்புறம் திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ். கேஸ் வந்தபோது நான் எட்டாவது படித்தேன். அதுவரை அம்மா தினமும் இரண்டு வேளை ஊதாங்குழலோடு அடுப்பின்முன் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து பி.எம். 2.5 அளவு எங்கும் கிடைக்காது, நம் நாட்டுத் தர வரம்பில் அது சேர்ந்ததே 2009-ல்தான். ஆனால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2000 வாக்கில் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விறகடுப்புப் பக்கத்தில் அளந்தார்கள். சமைக்கும் நேரத்தில் சமைப்பவரைச் சுற்றிப் பல நூறு மைக்ரோகிராம், சில வீடுகளில் ஆயிரத்துக்கும் மேல். திண்ணையில் பேப்பர் படித்த அப்பாவுக்கும் அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் முகவரி ஒன்று, காற்று வேறு. அம்மாவைப் பொறுத்தவரை மாசு குறைந்ததில் மிகப்பெரிய நாள் சிலிண்டர் வந்த நாள்தான். எந்தச் சாலையும் எந்தத் தொழிற்சாலையும் அவருக்கு அவ்வளவு செய்ததில்லை, நல்லதோ கெட்டதோ.

எனக்கு வேறு வரைபடம். தொண்ணூறுகளில் கிண்டி தொழிற்பேட்டைக்குத் தினமும் டூ-வீலர். அண்ணாசாலையில் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் நீலப் புகைக்கும் பஸ்களின் கறுப்புப் புகைக்கும் நடுவில் போவேன். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். அந்த நேரடிப் புகை குறைந்தது உண்மை. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்தது, டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்-லிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-ஆக இறங்கியது, புது டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டியும் வந்தது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஒரு ஆட்டோ நின்ற இடத்தில் இப்போது ஐந்து கார்கள் நிற்கின்றன. டயரும் பிரேக்கும் தேய்கிற தூசுக்கு பி.எஸ்.6 கிடையாது. கட்டடத் தூசும், மெட்ரோவுக்குத் தோண்டிய மண்ணும் தனி. என் அபிப்பிராயத்தில், கண்ணுக்குத் தெரிந்த கரும்புகை போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளின் அன்றாட அளவு அவ்வளவாக இறங்கவில்லை.

என் அளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம் காற்று மாறியதல்ல, நான் பயணத்தை மாற்றியது. 2019-ல் சென்ட்ரலிலிருந்து கிண்டிக்கு மெட்ரோ நேராக வந்தது. வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறினேன். சிக்னலில் சைலன்சருக்குப் பின்னால் நிற்கிற அந்த ஒன்றரை மணி நேரம் என் நாளிலிருந்து போனது. அதே சாலையில் நாள் முழுக்க நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் அப்படி ஒரு வழி கிடையாது.

2020 ஊரடங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. சாலை காலி, மொட்டை மாடியில் மீட்டர் காட்டிய எண்களை நம்பவே முடியவில்லை. ஊரே காற்று சுத்தமாகிவிட்டது என்று படம் போட்டது. எங்கள் வீட்டுக்குள்ளோ எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில், நாள் முழுக்க அடுப்பு, மத்தியானம் அப்பளம், சாயங்காலம் பஜ்ஜி, கிருமி போகட்டும் என்று இரண்டு வேளை சாம்பிராணி. ஹாலில் எண் சாதாரண நாளைவிட அதிகம். கடைசியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினோம்.

கேள்வியில் இரண்டாவதாக நடை எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மழை, குளிர் மாதங்களில், அதாவது மாசி பிறக்கும் வரை, விடியற்காலை வேண்டாம். வெயில் ஏறிய பிறகு போங்கள், அதுவும் பஸ் போகாத தெருவில். கோடையில் காலையிலேயே போகலாம், அப்போது காற்று ஓடிக்கொண்டிருக்கும். சாலைப் பக்கச் சன்னலைக் காலை நெரிசலில் சாத்திவைத்து மதியம் திறந்துவிடுங்கள், பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பையனுக்கு இப்போது இன்ஹேலர் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. அம்மாவுக்கு எண்பது ஆகிறது. அந்த மீட்டரை "கரி பார்க்கிற பொட்டி" என்பார். போன போகிக்கு வாசலில் ஒரே ஒரு பழைய துடைப்பத்தை வைத்துக் கொளுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் பொட்டியை வெளியே எடுக்கவில்லை.