நாற்பது மீட்டருக்குக் கீழே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்கூபா டைவிங் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மீட்புப் பயிற்சி வரை முடித்திருக்கிறேன். ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் வாயுவைப் பயன்படுத்தும் சான்றிதழும் உண்டு. எண்பது டைவ்களுக்கு மேல் ஆகிவிட்டன. 30 மீட்டரில் எனக்குப் பதற்றமே வருவதில்லை. அடுத்து, நாற்பது மீட்டருக்கும் கீழே இறங்கும் டெக்னிக்கல் டைவிங்கிற்குப் போக ஆசை. பயிற்சியாளர் ‘நீங்கள் தயார்’ என்கிறார். நண்பர்கள் முதலில் இரட்டைச் சிலிண்டர் வாங்கச் சொல்கிறார்கள். விட்ட மூச்சையே சுத்திகரித்து மறுபடி சுவாசிக்கத் தரும் ரீபிரீதருக்கே நேராகப் போய்விடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

30 மீட்டரில் பதற்றமே வருவதில்லை என்ற வரிதான் எனக்குச் சற்று உறுத்தியது. அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம், அதாவது அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் போதை, தன் வேலையைத் தொடங்கியிருக்கும். பதற்றம் வராததற்கு அதுவே ஒரு காரணமாகவும் இருக்கலாம்.

பொழுதுபோக்கு டைவிங்கின் விதிகள் அனைத்தும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: எந்த நொடியிலும் நேராக மேலே வந்துவிடலாம். 40 மீட்டர் எல்லையும், டைவ் கம்ப்யூட்டர் காட்டும் நிமிடக் கணக்கும் அதைக் காப்பாற்றத்தான். 45 மீட்டரில் 25 நிமிடம் இருந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். தலைக்கு மேலே பாறை கிடையாது, வெளிச்சம்கூடத் தெரியும். ஆனாலும் உடலில் கரைந்த வாயு குமிழ்களாகக் கிளம்பாமலிருக்க, நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908இல் ஹால்டேன் இந்த முறையை வெளியிட்டார். கணக்கு பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. படிப்படியாக ஏறுவது மாறவில்லை. ஆக, கீழே எது கோளாறானாலும் அதை அங்கேயே சரிசெய்தாக வேண்டும். நீங்கள் பழக வேண்டியது இதைத்தான். இதற்கு ஆழமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம்.

முதலில் வாயுக் கணக்கு. சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மீதமிருக்க மேலே வந்தால் போதும் என்று எல்லோரும் படித்திருப்போம். ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 40 மீட்டரில் உங்கள் துணைவருக்குக் காற்று நின்றுவிட்டது. பதறும் மனிதர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்று வைப்போம், இருவருக்கும் 60. அங்கே அழுத்தம் 5 பார், மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம் போனால் 300 லிட்டர். நிமிடத்துக்கு 10 மீட்டர் வீதம் ஏற நான்கு நிமிடம். சராசரி அழுத்தம் 3 பார், ஆகவே 720 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270. மொத்தம் 1290 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது ஏறத்தாழ 107 பார்! 200 பாருடன் இறங்கியவர் பாதி தீர்வதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். எண்பது டைவ்களில் எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்கினீர்கள்? இதில் டிகம்ப்ரஷன் நிறுத்தங்களையே, அதாவது கரைந்த வாயு வெளியேற நின்று நின்று ஏறும் நேரத்தையே, நாம் இன்னும் சேர்க்கவில்லை.

அடுத்தது அசையாமல் நிற்பது. 6 மீட்டரில், பிடித்துக்கொள்ளக் கயிறோ பார்த்துக்கொள்ளத் தரையோ இல்லாத நீரில், உடலைக் கிடைமட்டமாக வைத்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். அரை மீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். அதன்பின் மிதவையை ஊதி மேலே அனுப்புங்கள். கை மிதவையின் கயிற்று ரீலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நுரையீரல் தன்னையறியாமல் நிறைந்து, ஆள் ஒன்றரை மீட்டர் மேலே போயிருப்பார். அவருக்குத் தெரியவே தெரியாது. நண்பர் ஒருவரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. தவளை உதையையும் பின்னோக்கி நகர்வதையும் இதே ஆழத்தில் பழகலாம்.

இவை வந்த பிறகு இரட்டைச் சிலிண்டர். அப்போதும் முதலில் வாடகைக்கு எடுங்கள். எந்த அமைப்பு தேவை என்பது பயிற்சியின் நடுவில்தான் தெரியும். அதில் முக்கியமானது வால்வு மூடும் பயிற்சி. பின்தலைக்குப் பின்னால் கையை வளைத்து மூன்று வால்வுத் திருகுகளில் சரியானதைத் தொட வேண்டும். வலப்பக்க ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) சீறிக் குமிழ் கொட்டும்போது இடப்பக்கத்தை மூடிவிட்டால், நல்ல பக்கத்தை அடைத்துக் கெட்ட பக்கத்தைத் திறந்து வைத்தவர் ஆகிறீர்கள். தோள் இறுக்கமானவர்களுக்குக் கை எட்டவே எட்டாது. பெரும்பாலும் கருவியின் தோள்வார்களைச் சரிசெய்தால் எட்டிவிடும்.

ஏறும்போது வேறு சிலிண்டரின் வாயுவுக்கு மாறுவதைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன், மீதியைப் பாடத்தில் படிப்பீர்கள். 6 மீட்டரில் டிகம்ப்ரஷனைச் சுருக்கித்தரும் அதே தூய ஆக்சிஜன், 40 மீட்டரில் வாயில் வைத்தால் வலிப்பை வரவழைத்து, மூழ்கடித்துக் கொல்லும். ஆகவே சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பதை ஆக்சிஜன் அளவியில் நீங்களே பார்த்து, நீங்களே எழுதி ஒட்ட வேண்டும். நிரப்பியவர் சொன்னார், நண்பர் பார்த்துவிட்டார் என்பதெல்லாம் செல்லாது.

ரீபிரீதர் இப்போது வேண்டாம். அதில் ஆக்சிஜன் குறைந்துபோனால் மூச்சு முட்டாது, மயக்கம்தான் வரும். கோளாறுகளைக் கையாளப் பழகாதவருக்கு, கோளாறு நடப்பதே தெரியாத கருவி எதற்கு?

மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கிடையே பிறவித்துளை முழுதாக மூடியிருக்காது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை. ஆனால் டைவ் முடிந்து தோலில் திட்டுகளோ காரணமில்லாத தலைச்சுற்றலோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பயிற்சியாளர் ‘தயார்’ என்றது எதை வைத்து என்று எனக்குத் தெரியவில்லை. டைவ் எண்ணிக்கையை வைத்து என்றால் அதற்குப் பெரிய மதிப்பில்லை; வழிகாட்டியின் பின்னால் எண்பது முறை நீந்தியவரும் உண்டு, தானே திட்டமிட்டு முப்பது முறை இறங்கியவரும் உண்டு. அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: டெக்னிக்கல் பயிற்சியில் கடைசியாக யாருக்குச் சான்றிதழ் மறுத்தீர்கள், ஏன்? பெயர் வேண்டாம், காரணம் போதும். அப்படி ஒருவருமே இல்லை என்று சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.